ஆறாவது துண்டில் பூச்சியம்

ஐந்தாவது துண்டு முடிகிறது. காட்டுப் புறா நான்கு, காகம் இரண்டு, வானம்பாடி ஒன்று, வேலியில் சிவப்பு நெஞ்சு ரொபின் ஒன்று. எழுதியாகிவிட்டது. நேரம் ஆறு ஐம்பத்திரண்டு. எல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது, மகளின் பழைய பூட்சைப் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் தொம் தொம் என்று நடந்துவருகிற மலரைத் தவிர. கலியாணம் கட்டிய முப்பத்தொன்பது வருடத்தில் என் மனைவி என்னோடு குருவி எண்ண வருவது இதுதான் முதல் தடவை. அவளாக வரவில்லை. ஏப்ரலில் முதல் சுற்று நடந்தபோது ஈரப் புல்லில் வழுக்கி விழுந்தேன், முழங்கால் வீங்கியது, லீட்ஸில் இருக்கிற மகள் சிந்துஜா போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள், அப்பா இனித் தனியாகப் போகக் கூடாது. ஆகவே எனக்கு ஒரு காவல். காவல்காரியின் கையில் தேத்தண்ணிப் போத்தல், வாயில் பேச்சு. பேசக் கூடாது என்று சொல்லித்தான் கூட்டிவந்தேன். இங்கிலாந்தில் இந்த நோர்ஃபோக் மாவட்டத்தின் வரைபடத்தில் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டராக ஒரு சதுரம், அதன் குறுக்கே இரண்டு கோடு, கோட்டுக்கு ஐந்து துண்டு, துண்டுக்கு இருநூறு மீட்டர். வருடத்தில் இரண்டு காலை, ஒரே பாதை, ஒரே நடை, கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுதவேண்டும். அடுத்தவர் கண்டதையும் கேட்டதையும் எழுதக் கூடாது. இதுதான் சட்டம். நாடு முழுக்க என்னைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் சம்பளமில்லாமல் இப்படி நடக்கிறார்கள், எல்லாருடைய தாளும் ஓரிடத்தில் சேர்ந்து எந்தக் குருவி கூடியது எந்தக் குருவி குறைந்தது என்று தெரியவருகிறது. பதினெட்டு வருடமாக இந்தச் சதுரம் என்னுடையது. நீங்களும் எங்கிருந்தோ பறந்து வந்தவர் என்பதால்தான் பறவை பிடிக்குமோ என்று ஒரு வெள்ளைக்காரி உருகி உருகிக் கேட்டாள். இல்லை அம்மா, எனக்கு எண்ணுவது பிடிக்கும். பச்சைப் பட்டாணியை உறையவைத்துப் பையில் அடைக்கிற தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரம் பார்த்தவன் நான். கிலோவில் எத்தனை மணி கறுத்தது, எத்தனை மணி வெடித்தது. எண்ணாமல் என்னால் படிக்கட்டுக்கூட ஏற முடியாது.

ஆறாவது துண்டு. இந்த இடத்துக்கு வந்தால் என் முதுகு தானாகக் கொஞ்சம் நிமிர்கிறது, அதை நானே கவனித்திருக்கிறேன். வலது பக்கம் விவசாயி டெனிஸ் புல்லனின் வயல், சீனி எடுக்கிற பீற் கிழங்கு. இடது பக்கம் வாய்க்கால், அதன் ஓரம் முள்ளுப் பற்றை. வயலில் தண்ணீர் நிற்கிறது என்று சொல்லி நான்கு குளிர்காலத்துக்கு முன் புல்லன் மெசின் கொண்டுவந்து வாய்க்காலை அள்ளினான், பற்றையில் பாதியை வெட்டினான். அதற்கு முன் இந்த இடத்தில் ஒரு குருவி இருந்தது. வெட்டுக்கிளி மாதிரிக் கத்துவதால் இவர்களும் அதற்கு அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள், நான் எனக்குள் வெட்டுக்கிளிக் குருவி என்று சொல்லிக்கொள்வேன். மண்ணிறம், சுண்டெலி மாதிரிப் பற்றைக்கு அடியில் ஓடுமே தவிர வெளியே தலைகாட்டாது. பதினெட்டு வருடத்தில் நான் அதைக் கண்ணால் கண்டது இரண்டே இரண்டு முறை. மற்றதெல்லாம் காதுக் கணக்கு. இந்த மாவட்டத்தில் அது அருகிவிட்ட குருவி, ஆனால் என் ஆறாவது துண்டில் மட்டும் மூன்று, மூன்று, இரண்டு, மூன்று என்று வருடம் தவறாமல் வந்தது. புல்லன் பற்றையை வெட்டினான். அடுத்த வசந்தம் பூச்சியம். அதற்கடுத்ததும் பூச்சியம். நான் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு ஊர்ச்சபைக் கூட்டத்துக்குப் போனேன். இந்த ஊரில் அதுவரை நான் யார்? கடைசி வீட்டில் இருக்கிற மிஸ்டர் சிங்கம். குலசிங்கம் என்ற முழுப் பெயரைச் சொல்ல ஒருவருக்கும் நாக்குப் புரளாது. அன்றைக்கு எழுந்து நின்று இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன், மண்டபமே வாய் மூடிக் கேட்டது. புல்லன் எழும்பினான். இருபது வருடம் அந்தச் சபையில் இருந்தவன், பேச்சுக் குறைந்த மனுசன், முகம் சிவந்துபோய், குருவி போகவில்லை, விடியப்புறம் டிராக்டர் கொட்டிலில் நின்று இப்போதும் கேட்கிறேன் என்றான். நான் சொன்னேன், திரு புல்லன் கேட்பது அவருடைய குளிர்சாதனப் பெட்டியின் சத்தமாக இருக்கலாம். சிரித்தார்கள். அப்படிச் சிரித்தார்கள். ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் என் பகிடிக்குச் சிரித்தது அதுதான் முதல் தடவை, அந்தச் சிரிப்பைப் பல நாள் நான் படுக்கையில் திரும்பத் திரும்ப எடுத்துச் சுவைத்திருக்கிறேன். அடுத்த மாதம் புல்லன் சபையை விட்டு விலகினான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் வரைந்து ஒரு பலகை செய்து பாதையோரம் நட்டார்கள், இங்கே ஒரு காலத்தில் இந்தக் குருவி பாடியது என்று. ஒவ்வொரு நாளும் புல்லன் அதைத் தாண்டித்தான் வயலுக்குப் போகவேண்டும். எழுது, ஆறாவது துண்டு, காட்டுப் புறா இரண்டு, கரிய குருவி ஒன்று, வெட்டுக்கிளிக் குருவி பூச்சியம்.

மலர் நின்றுவிட்டாள். நிற்கக் கூடாது என்றும் சொல்லித்தான் கூட்டிவந்தேன். "என்னப்பா, இந்தக் காட்டுக்க ஆர் தையல் மெசின் ஓட்டீனம்?" என்கிறாள். என்ன மெசின். "உது புல்லனின்ர மெசின் ஏதோ. பேசாமல் வாரும்." அவள் வரவில்லை, தலையைச் சரித்துக்கொண்டு நிற்கிறாள், அரிசியில் கல் பார்க்கும்போது முகத்தை வைத்துக்கொள்வாளே அந்த முகம். "அங்கை இல்லை. இஞ்சை, இந்தப் பற்றைக்க. ஒரே இழுவையா, மூச்சு விடாமல். பாருங்கோ, நிண்டிட்டுது. ஆ, திரும்பத் துடங்கீட்டுது." நான் கேட்கிறேன். புறா கேட்கிறது. தூரத்தில் டிராக்டர் கேட்கிறது. என் சொந்த மூச்சு கேட்கிறது. பற்றைக்குள்ளிருந்து ஒன்றும் வரவில்லை. "எனக்கொண்டும் கேக்கேல்லை." "உங்களுக்குக் கேக்கேல்லையோ? காதைக் குத்துது எனக்கு." "கையால காட்டும்." அவள் தேத்தண்ணிப் போத்தலை நீட்டிக் காட்டுகிறாள், வெட்டாமல் விட்ட பாதியில், வாய்க்காலை ஒட்டி, பதினைந்து மீட்டர் இருக்குமா, அவ்வளவுதான். மலருக்கு ஒரு குருவியின் பெயரும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை, ஆனால் கிழக்கு லண்டனில் ஒற்றை அறையில் இருந்த காலத்தில் பத்து வருடம் வீட்டிலிருந்தே உடுப்புத் தைத்தவள். தையல் மெசின் எது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. என் பறவைக் கையேட்டிலும் இந்தக் குருவிக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறது. தையல் மெசின் ஓடுவதுபோல, இடைவெளியில்லாத, மெல்லிய, நீண்ட ஒலி. கையேட்டை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை.

நடக்கவேண்டும். நின்றால் கணக்குக் குழம்பும். ஏழாவது துண்டு. காகம் ஒன்று. நடக்கிறேன். என் காதுக்கு ஒன்றுமில்லை. போன ஒக்ரோபரில் வடக்கே பனி நாட்டிலிருந்து காட்டு வாத்துக் கூட்டம் வந்தபோது ஜன்னலைச் சாத்திக்கொண்டு கட்டிலில் கிடந்தே கேட்டேனே, மலர் கேட்க முதல் நான் அல்லவா எழும்பி ஓடினேன், ஆயிரத்து இருநூறு என்று வாசலில் நின்று எண்ணினேனே. வாத்துக்குத் தடித்த குரல். சரி. குயில்? மே மாதம் முழுக்கக் கேட்டேன், அரை மைல் தூரத்துக் குயில். அதுவும் தடித்த குரல். ஜனவரியில் கோயிலடியில் ஆந்தை. இங்கே கோயில் என்றால் தேவாலயம்தான், மலரும் நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ஆந்தையும் கேட்டது. உழவாரன் குருவிகள்? போன ஜூலையில் தேவாலயக் கோபுரத்தைச் சுற்றி இருபது இருபத்தைந்து உழவாரன்கள் அரிவாள் அரிவாளாகப் பறந்தன, நான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன், இந்த வருடம் இவை சத்தம் போடாமல் பறக்கின்றன என்று மலரிடம் சொன்னேன். பூச்சி குறைந்துவிட்டது, களைப்பாக்கும் என்று விளக்கமும் சொன்னேன். மலர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். உழவாரன் சத்தம் போடாமல் பறந்ததாக உலகத்தில் யாராவது கேள்விப்பட்டதுண்டா? பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடுவதுபோல அல்லவா அவை பறக்கும். நவம்பரில் சிவப்புச் சிறகுக் குருவிகள் கூட்டமாக வந்து எங்கள் வேலியில் பழம் தின்றன. வரும்போது ஊசி முனைக் குரலில் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு வரும், அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் குளிர்காலம் தொடங்கியதாக நாட்காட்டியில் குறிப்பேன். போன முறை குறிக்கவில்லை. ஒரு காலை திரைச்சீலையை விலக்கினேன், வேலி நிறைய இருந்தன. காலநிலை மாறிவிட்டது, பறவைகள் பழக்கத்தை மாற்றிவிட்டன என்று எழுதினேன். காலநிலை, பூச்சி, மருந்து, புல்லன். பழி போட எத்தனை பேர் இருந்திருக்கிறார்கள் எனக்கு.

பொறு, அவசரப்படாதே. எட்டாவது துண்டு, வானம்பாடி ஒன்று, மேலே நிற்கிறது, பாட்டு பாதியாகத்தான் கேட்கிறது, காற்று. காற்று இல்லை. பொறு. குருவி நான்கு வருடம் இல்லாமல் இருந்து இப்போது திரும்பியிருக்கலாம் அல்லவா? பற்றை மறுபடி வளர்ந்துவிட்டது, வளர்ந்த பற்றைக்குக் குருவி திரும்புவது நடக்கிற காரியம்தான். அப்படியானால் என் பூச்சியங்கள் எல்லாம் உண்மை. இந்த வருடம் மட்டும் ஒன்று. மலர் கேட்டதை நான் கேட்டதாக எழுதினால் போதும், யாருக்குத் தெரியும், ஊர்ச்சபையில் எழும்பி நல்ல செய்தி என்று தொடங்கலாம், கைதட்டுவார்கள், பிள்ளைகள் புதுப் பலகை வரைவார்கள், மிஸ்டர் சிங்கத்தின் விடாமுயற்சி. என் மனம் இதை எவ்வளவு வேகமாகக் கட்டி எழுப்புகிறது என்று பார்க்க எனக்கே பயமாக இருக்கிறது. ஆருக்கடா காதில் பூச்சுற்றுகிறாய்? நீ எண்ணிப் பழகியவன், எண்ணிப் பார். ஒன்பதாவது துண்டு தேவாலயத்துச் சுவரோடு போகிறது, அங்கே இருண்ட பெரிய மரம் ஒன்றில் என் பெருவிரல் அளவுக் குருவி, உச்சந்தலையில் மஞ்சள் கோடு, காற்றாடி அச்சு கிறீச்சிடுவதுபோல மெல்லிய குரல். பதின்மூன்று வருடம் இரண்டு, மூன்று, நான்கு. பிறகு ஒன்று. கடைசி நான்கு வருடம் பூச்சியம். அந்த மரத்தை யாரும் வெட்டவில்லையே, புல்லனின் மெசின் அந்தப் பக்கமே போகவில்லையே. மரத்தண்டில் எலி மாதிரி ஏறுகிற குருவி, அதற்கும் ஊசிக் குரல், அதுவும் பூச்சியம். புறா குறையவில்லை. காகம் குறையவில்லை. குயில் குறையவில்லை. என் சதுரத்தில் தடித்த குரல்காரர் எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள், மெல்லிய குரல்காரர் மட்டும் வரிசையாகச் செத்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் இப்படி ஒரு தாள் என் மேசைக்கு வந்திருந்தால், பட்டாணியைப் பார்க்க மாட்டேன். முதலில் தராசைத்தான் பார்ப்பேன்.

இருண்ட மரத்தின் கீழே நிற்கிறேன். "மலர், இந்த மரத்தில ஏதும் கேக்குதோ?" "ஓம், ரெண்டு மூண்டு. கிறீச் கிறீச் எண்டு, எண்ணெய் விடாத சில்லு மாதிரி." அவள் போத்தலைத் திறந்து தேத்தண்ணி ஊற்றித் தருகிறாள், நான் கேட்கவில்லை, அவளாகத் தருகிறாள். "உமக்குத் தெரியுமோ?" என்கிறேன். "என்ன?" "எனக்குக் காது கேக்கேல்லை எண்டு." அவள் பாதையைப் பார்க்கிறாள். "அடுப்படியில புகைக்கு அடிக்கிற மணி பற்றறி இறங்கிப் போய் மூண்டு கிழமை கீச் கீச் எண்டு கத்தினது. நீங்கள் அதுக்குக் கீழ இருந்து பேப்பர் வாசிச்சனீங்கள். நான்தான் கதிரையில ஏறி மாத்தினனான்." "எப்ப?" "மூண்டு வருசமிருக்கும்." "ஏன் சொல்லேல்லை?" "சொன்னனான். எனக்குத்தான் காதில விசர் எண்டு பேசினனீங்கள். பிள்ளை டொக்டரிட்டை நாள் எடுத்துத் தந்தவள், நீங்கள் போன் பண்ணி வேண்டாமெண்டு விட்டியள்." உண்மைதான். வேண்டாம் என்று சொன்னது நினைவிருக்கிறது. காது பார்க்கிற பெண்ணின் முன்னால் உட்கார்ந்து, சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்துங்கள் என்று அவள் சொல்ல, நான் காத்திருந்து காத்திருந்து, அழுத்தாமல், அவள் முகம் மாறுவதைப் பார்க்கவேண்டுமே. அந்தப் பயம்தான். அந்தப் பயத்தை மூடிவைக்க நான் ஒரு மனுசனை இந்த ஊர் முன்னால் பொய்யன் ஆக்கினேன். அவர் உண்மையைச் சொன்னார், நான் பகிடி விட்டேன். வெட்கமாக இருக்கிறது. கோப்பையை அவளிடம் கொடுக்கிறேன். தாளை எடுக்கிறேன். சட்டப்படி ஆறாவது துண்டில் நான் எழுதவேண்டியது பூச்சியம்தான், மலரின் காது என் காது ஆகாது. கீழே குறிப்புக்கென்று ஒரு பெட்டி விட்டிருக்கிறார்கள், இத்தனை வருடத்தில் அதில் வானிலைக்கு மேல் நான் எதுவும் எழுதியதில்லை. எழுதுகிறேன். கணக்கெடுப்பவரின் கேட்கும் திறன் குறைந்துள்ளது, கடந்த நான்கு வருடத்தில் மெல்லிய குரலுள்ள பறவைகளுக்கு இட்ட பூச்சியங்களை நம்பவேண்டாம், இந்தச் சதுரத்தை வேறொருவரிடம் கொடுக்கவும். கை எழுதிவிட்டது. பதினெட்டு வருடம் மூன்று வரியில் போய்விட்டது.

பத்தாவது துண்டு புல்லனின் முற்றத்து வேலியோடு முடிகிறது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தை நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு கடந்திருக்கிறேன். குருவி எண்ணுகிறவன் வானத்தைப் பார்த்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள். இன்றைக்கும் பார்க்கலாம், நாளைக்கு ஒரு கடிதம் எழுதிப் போடலாம், கடிதம் மரியாதையானது, யோசித்து எழுதலாம். கால் அதற்குள் வாசலில் நின்றுவிட்டது. அவர் டிராக்டர்ச் சில்லுக்கு முன்னால் குந்தியிருந்து என்னவோ முறுக்குகிறார், முதுகு கூனியிருக்கிறது, என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் இளமையாக இருப்பார். "டெனிஸ்," என்கிறேன். நிமிர்கிறார். முகத்தில் ஒன்றுமில்லை, கோபம்கூட இல்லை. நான் தயார் செய்துவைத்த ஆங்கிலம் எல்லாம் எங்கோ போய்விட, இருந்த சொல்லை வைத்துச் சொல்கிறேன். "குருவி இருக்கிறது. அது போகவே இல்லை. போனது என் காது. அன்றைக்கு நீங்கள் சொன்னது சரி, நான் சொன்னது பிழை. மன்னிக்கவேண்டும்." அவர் சில்லைப் பார்த்தபடி வாய்க்குள் என்னவோ சொல்கிறார். எனக்கு விளங்கவில்லை. பார்த்தால் மலர் என் பக்கத்தில் வந்து நிற்கிறாள். "இந்த வருசம் ரெண்டு சோடியாம்," என்கிறாள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து வேலிக்கு வருகிறார், என் காதைப் பார்க்கிறார், பிறகு ஒவ்வொரு சொல்லாக, உரக்கச் சொல்கிறார். "இதை எனக்கு ஏன் சொல்கிறாய்? எனக்குத் தெரிந்ததுதானே. வியாழக்கிழமை மண்டபத்தில் கூட்டம் இருக்கிறது. சிரித்தவர்களிடம் போய்ச் சொல்." அவ்வளவுதான். திரும்பிப் போய்க் குந்திவிட்டார்.

வியாழக்கிழமை. இன்றைக்குத் திங்கள். அதே மண்டபம், அதே மடக்குக் கதிரைகள், அதே முப்பது முகம், நான் எழும்பி நின்று என் பூச்சியங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கவேண்டும். அவர்கள் என்ன கேட்பார்கள் என்பதுகூட எனக்குக் கேட்காது, போன வருடமே பின்வரிசையில் இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டேனே, யார் முணுமுணுத்தார்கள், அவர்கள் ஒழுங்காகத்தான் பேசியிருப்பார்கள். மலர் எனக்கு முன்னால் நடக்கிறாள், நான் இந்தத் தடவை அவளைப் பின்னால் போகச் சொல்லவில்லை. "வியாழக்கிழமை நீரும் வாரும்," என்கிறேன். "எனக்கென்ன வேலை அங்கை? ஒரு நாளும் கூப்பிடாதனீங்கள்." "பக்கத்தில இரும். ஆர் என்ன கேக்கினம் எண்டு எனக்குச் சொல்லும்." அவள் நடந்துகொண்டே யோசிக்கிறாள். "சிரிச்சால்?" என்று நானே கேட்கிறேன், "சிரிச்சாலும் சொல்லும்." மலர் நின்று என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.

"சிரிப்பினமப்பா. போன தரம் அந்தாளைப் பாத்துச் சிரிச்சவை. இந்த முறை எங்களைப் பாத்துச் சிரிக்கட்டும்."